இராஜசிங்கத்தின் விக்கலும் நோராவின் வைத்தியமும்

என் வீட்டுக்காரர் இராஜசிங்கத்துக்கு ஒரு வியாதி உண்டு. அரசாங்க உத்தியோகத்தர் எவரைக் கண்டாலும் விக்கல் எடுக்கும். பயம் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "பயமில்லை, மரியாதை" என்பார். மரியாதை எங்கேயாவது இப்படிச் சத்தம் போடுமா?

சுழிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். இளம் வயதில் ஒரு சோதனைச் சாவடியில் விக்கத் தொடங்கியிருக்கிறார். சிப்பாய் இரக்கப்பட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினானாம். அதைக் குடித்தபிறகு இன்னும் பெரிதாக விக்கினாராம். 1991இல் சுவிசுக்கு வந்து அகதி விசாரணையில் இருந்தபோது, மொழிபெயர்ப்பாளர் "இதையும் மொழிபெயர்க்கவோ, தம்பி?" என்று கேட்டதாக இன்றைக்கும் மனவருத்தத்தோடு சொல்வார். எங்கள் கலியாணப் பதிவிலும் அதே கதைதான். சம்மதமா என்று பதிவாளர் கேட்க, பதிலுக்கு விக்கல் வந்தது. மூன்று முறை கேட்டு, மூன்றாவது தடவைதான் ஒரு சொல் கிடைத்தது. ஆகவே எனக்கு ஒரே ஆளோடு மூன்று தடவை கலியாணம் நடந்திருக்கிறது. ஒன்றே எனக்குத் தாராளமாகப் போதும்.

நாங்கள் துன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறோம். பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் குடியிருக்கிறோம், நாளைக்குக் கடையில் முகத்தைப் பார்க்க வேண்டும். இவர் துன்னில் ஆற்றங்கரையோரம் உள்ள ஓர் ஐரிஷ் மதுச்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் சமையற்காரர். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அவர் வைக்கும் ஐரிஷ் குழம்பைச் சாப்பிட்டு, அயர்லாந்திலிருந்து வந்தவர்களே அம்மாவை நினைத்துக் கண் கலங்கியிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் மிளகு கூடப் போடுவார். அந்தக் கண்ணீரில் பாதி மிளகுக்குரியது.

மதுச்சாலையின் முதலாளி நோரா. அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்து, ஒரு சுவிஸ்காரரைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவள். நோராவுக்கு டொக்டர்களில் நம்பிக்கை கிடையாது. எந்த வருத்தத்துக்கும் அவள் ஊரில் ஒரு கைவைத்தியம் இருந்தது. கண்ணில் கட்டி வந்தால் அவர்கள் ஊர் முள்நெல்லிச் செடியில் பத்து முள் பிடுங்கி, ஒன்றை எறிந்துவிட்டு, மீதி ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கட்டியை நோக்கி நீட்ட வேண்டும். நெருப்புச் சுட்டால், சின்ன வயதில் பல்லி மாதிரி ஒரு பிராணியை நக்கிய ஆளைக் கூப்பிட்டு அந்த இடத்தை நக்கச் சொல்ல வேண்டும். அவளுடைய தம்பி அப்படி ஒரு ஆளாம். எண்ணெய் தெறித்து இவருடைய கை பொசுங்கியபோது தம்பியை விமானத்தில் கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். இவர் குழாய்த் தண்ணீரே போதும் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பல்லி சொன்னாலே பஞ்சாங்கம் பார்ப்போம். அதை நக்கிய மனிதனிடம் கையைக் கொடுப்பதா?

இந்த வைத்தியங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. குணமானதும் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் மருந்து முறிந்துவிடும். நோராவின் பெரிய தலைவலியே இதுதான். சுவிஸ்காரரால் நன்றி சொல்லாமல் ஐந்து நிமிடம் இருக்க முடியாது. முள்ளை நீட்டி முடிக்க முன்னரே "மெர்சி வில்மால்" என்று சொல்லிவிடுவார்கள். கட்டி அப்படியே இருக்கும். இவரோ இருபத்தேழு வருடத்தில் எனக்கே ஒரு தடவை நன்றி சொன்னதில்லை. சோற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு "உப்பு எங்கை?" என்று கேட்கிற மனிதர். "வைத்தியத்துக்கென்றே பிறந்தவர்கள் நீங்கள்" என்று நோரா தமிழரைப் புகழ்ந்தாள். அந்தப் புகழ்ச்சியில் இவர் விழுந்தார்.

முழங்கால் வலிக்கு ஓர் உருளைக்கிழங்கைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியச் சொன்னாள். கிழங்கு கல்லாக இறுகும்போது வலி முழுவதும் அதற்குள் போய்விடுமாம். ஆறு வாரம் திரிந்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் கட்டடத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் துணி துவைக்கும் நாள் வரும். நான் அவசரத்தில் பையைப் பார்க்காமல் காற்சட்டையைக் கட்டடத்தின் பொது இயந்திரத்துக்குள் போட்டேன். அறுபது பாகையில் கிழங்கு அவிந்து, குழைந்து, இவருடைய எட்டுச் சட்டைகளிலும் மசியலாக ஒட்டிக்கொண்டது. அடுத்த முறைக்கு வந்த மேல்மாடிப் பெண்மணி வடிகட்டியைத் திறந்துவிட்டு, இது என்ன உணவு என்று கேட்டாள்.

"என்ரை முழங்கால் வருத்தத்தை நீ அவிச்சுப்போட்டாய்" என்று இவர் ஒரு மாதம் புலம்பினார்.

விக்கலுக்கும் நோராவிடம் மருந்து இருந்தது. அதுதான் இந்தக் கதைக்குக் காரணம். ஒரு நாள் சமையலறையைப் பார்வையிடச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். குளிர்பெட்டிகள், கத்திகள், இவருடைய நகங்கள் எல்லாவற்றையும் பார்த்து, நல்ல சான்றிதழ் எழுதிவிட்டுப் போய்விட்டார். இவருடைய விக்கல் மட்டும் போகவில்லை. இரண்டு மணி நேரம் விக்கிக்கொண்டே வெங்காயம் வெட்டினார். திடீரென்று நோரா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ராஜா, புகைபோட்ட மீனைத் திருடியது நீதானே!"

விக்கல் அந்த இடத்திலேயே நின்றது. அதுதான் மருந்து. விக்குகிற ஆளைப் பார்த்து, நம்பிக்கைக்குரிய ஒருவர், எதிர்பாராத நேரத்தில், நாலு பேர் முன்னால், செய்யாத களவைச் சுமத்த வேண்டும். வெட்கம் உண்மையாக இருக்க வேண்டும், களவு பொய்யாக இருக்க வேண்டும். நோரா இதையெல்லாம் விளக்க முன்னரே இவர் தன் அலுமாரியைத் திறந்து, சப்பாத்து, சீப்பு, விபூதிப் பொட்டலம், புதிதாக முளைவிட்டிருந்த ஓர் உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டார். மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை.

"மருந்தாம் மருந்து. கள்ளன் எண்டு சொல்லிப்போட்டாள். எங்கடை பரம்பரையிலை ஆரும் கேக்காத சொல்லு" என்று என்னிடம் வந்து குமுறினார்.

"விக்கல் நிண்டதோ இல்லையோ?"

"நிண்டது. அதோடை மானமும் போச்சு" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் முப்பது வருடம் கடத்தியதில் ஆச்சரியமில்லை. கிராமசபையில் நேர்முகம் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். போதாதா?

ஆனால் கனடாவில் தனலட்சுமி மச்சாள் இருந்தா. இவருடைய மூத்த அக்கா. மாமிக்கு ஏழு பிள்ளைகள். கடைக்குட்டியான இவரை இடுப்பில் தூக்கித் திரிந்தது அக்காதான். 1989இல் கொழும்பு விமான நிலையத்தில் அவவை ஏற்றிவிட்டதோடு சரி, பிறகு பார்க்கவே இல்லை. அக்கா இங்கே வரமாட்டா. அந்த ஒரு பயணத்தில் கொழும்பிலிருந்து ரொறன்ரோ வரை சத்தி எடுத்துக்கொண்டே போய், இனி ஆகாயத்தில் ஏறுவதில்லை என்று முருகனுக்கு நேர்ந்துவிட்டா. இவர் இலங்கைக் கடவுச்சீட்டோடு இரண்டு தடவை கனடா விசாவுக்குக் கேட்டார். இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தால் விசாவே வேண்டாம்.

அக்காவுக்கு எழுபத்தாறு வயதாகி, தொலைபேசியில் குரல் மெலியத் தொடங்கியபோது இவர் ஒரு காலையில் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "போடுவம், கோசலா" என்றார். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் இரண்டு பேரும் தேறினோம். நான் இவரைவிட அதிகப் புள்ளி. இது சும்மா தகவலுக்காக.

நேர்முகம் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். புறப்பட முன் இவர் என் கையைப் பிடித்து, "இஞ்சை பார், விக்கல் வந்தாலும் அந்தக் களவு மருந்து மட்டும் வேண்டாம். அந்த ஆக்களுக்கு முன்னாலை என்னைக் கள்ளனாக்கிப்போடாதை" என்றார். நான் பிள்ளையார் படத்தைப் பார்த்துக்கொண்டு சத்தியம் பண்ணினேன்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். குழுத் தலைவர் ஹெர் சௌக், வெள்ளை மீசை வைத்த பெரியவர். பக்கத்தில் குறிப்பு எழுதும் ஒரு கண்ணாடிக்காரி. ஹெர் சௌக் அன்பாகச் சிரித்து, எங்கள் கிராமத்தின் எல்லையில் உள்ள கிராமங்கள் எவை என்று இவரிடம் கேட்டார். இவர் வாயைத் திறந்தார்.

"ஹிக்."

கண்ணாடிக்காரி எழுதப் போய், எழுதாமல் நிறுத்தினாள்.

தண்ணீர் கொடுத்தார்கள். நோராவின் இன்னொரு முறை, மூச்சு விடாமல் ஒன்பது மிடறு. இவர் விரல் மடித்து எண்ணிக்கொண்டே குடித்தார். ஏழாவதில் புரையேறி, எங்கள் கோப்பின் முதற்பக்கம் நனைந்தது. பிறகு நான் என் சால்வையிலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி, எச்சிலில் தொட்டு, விக்குகிற குழந்தைகளுக்கு ஒட்டுகிற மாதிரி இவருடைய நெற்றியில் ஒட்டினேன்.

"இது சமயச் சடங்கா?" என்று கண்ணாடிக்காரி கேட்டாள்.

"இல்லை, மருத்துவம்" என்றேன்.

நெற்றியில் நூலோடு இவர் விக்கிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஹெர் சௌக் மணிக்கூட்டைப் பார்த்தார். "பரவாயில்லை, திரு. இராஜசிங்கம். இன்னொரு நாள் வைப்போம். ஆனால் வரிசை நீளம். அடுத்த தவணை அடுத்த வருடம்தான்" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருடமாக அந்த முகத்தோடு சண்டை பிடிக்கிறேன், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரு வருடத்துக்கு அக்கா இருப்பாவோ என்று அந்த முகம் கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளையார் மன்னிப்பார் என்று நினைத்தேன். தமிழில் சொன்னால் அங்கே யாருக்கும் விளங்காது, வெட்கம் வராது, மருந்து வேலை செய்யாது. ஆகவே எழுந்து நின்று நல்ல ஜெர்மனில், உரத்த குரலில் சொன்னேன்.

"துன் ஸ்டேஷனில் சைக்கிள் திருடியவர் இவர்தான்!"

கண்ணாடிக்காரியின் பேனா கீழே விழுந்து உருண்டது. இவர் என்னைப் பார்த்தார். நெற்றி நூல் மெல்லக் கழன்று மூக்கில் விழுந்தது. விக்கல் இல்லை.

"எந்தச் சைக்கிள்?" என்றார் இவர், பேர்ண் ஜெர்மனில். அந்தக் கேள்வியோடு தொடங்கியவர் இருபத்தைந்து நிமிடம் நிறுத்தவில்லை. முத்திரை வைத்திருக்கும் ஒருவர் முன்னால் அவர் தடங்கலில்லாமல் பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தன் வாழ்நாளில் தனக்கு இரண்டே இரண்டு சைக்கிள்கள் என்றார். இரண்டும் பழைய சைக்கிள் சந்தையில் வாங்கியவை, பற்றுச்சீட்டு வீட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வருடா வருடம் சைக்கிளில் ஒட்ட வேண்டிய சிவப்பு வில்லையை ஜனவரி முதல் வாரத்திலேயே வாங்கி ஒட்டியவர் தான். அந்தச் சட்டத்தை எடுத்தபிறகும் பழைய வில்லைகளைச் சுரண்டி எடுக்காமல் மரியாதையாக வைத்திருக்கிறார். என் பக்கம் திரும்பி, "என்னைப் பார்த்து எப்படிச் சொன்னாய்?" என்று அதே ஜெர்மனில் ஏசினார். எங்கள் முதலாவது ஜெர்மன் சண்டை கிராமசபையில் நடந்தது.

அதோடு விட்டாரா? இல்லை. களவு என்று பேச்சு வந்துவிட்டதால் மனச்சாட்சியில் கிடந்ததையெல்லாம் இறக்கினார். 1997இல் ஒரு தடவை கட்டண வில்லை ஒட்டாமல் குப்பைப் பையை வீதியில் வைத்தாராம். மனம் கேட்காமல் அடுத்த கிழமை பையில் இரண்டு வில்லை ஒட்டினாராம். போத்தல் போடத் தடையுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் போத்தல்களைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாராம், சத்தம் கேட்கக் கூடாதென்று ஒவ்வொன்றாகக் கையை உள்ளே விட்டு வைத்தாராம். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். நிற்கவில்லை. கடைசியில், கள்ளன் என்ற பெயரோடு அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கேட்டு, அக்காவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். விமான நிலையத்தையும் சொன்னார். பிறகு உட்கார்ந்து, அயல் கிராமங்களின் பெயர்களைக் கிழக்கிலிருந்து வரிசையாகச் சொன்னார். ஒன்றும் பிழையில்லை.

ஹெர் சௌக் என் பக்கம் திரும்பி, "அந்தச் சைக்கிள்?" என்றார். சைக்கிளே இல்லை, இது ஐரிஷ் வைத்தியம் என்று விளக்கினேன்.

"ஐரிஷ்?"

"ஓம், ஐரிஷ்" என்றேன். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது.

"இதைக் குறிப்பில் சேர்க்கவா?" என்று கண்ணாடிக்காரி கேட்டாள். ஹெர் சௌக் சேர்க்கச் சொன்னார். நோரா மறுநாளே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். இராஜசிங்கம் நேர்மையானவர் என்பதற்கு விக்கல் நின்றதே அத்தாட்சி, உண்மையான கள்ளனுக்கு இந்த மருந்து பலிக்காது என்று அதில் எழுதி, மதுச்சாலையின் முத்திரையும் குத்தியிருந்தாள்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. திரு. இராஜசிங்கத்தின் விண்ணப்பம் ஏற்கப்பட்டு, கன்டோன் என்கிற மாநில அரசுக்கு அனுப்பப்படுகிறது. திருமதி இராஜசிங்கத்தின் விண்ணப்பம் ஒரு வருடம் ஒத்திவைக்கப்படுகிறது. காரணம், குற்றமற்ற ஒருவர் மீது அதிகாரிகள் முன்னிலையில் பொய்யான குற்றச்சாட்டு. அதிகப் புள்ளி எடுத்த நான்! குப்பைப் பைக்காரர் உள்ளே, நான் வெளியே. இரண்டு நாள் சமைக்கவில்லை. இவர் சமைத்தார், ஐரிஷ் குழம்பு.

அடுத்த வருடம் ஏப்ரலில் சிவப்புக் கடவுச்சீட்டு இவருடைய கைக்கு வந்தது. மே மாதம் ரொறன்ரோவுக்கு விமானம் ஏறினார். அதே கிழமை எனக்கு இரண்டாவது நேர்முகம். குற்றஞ்சாட்டுவது பற்றிய சட்டப்பிரிவுகள் எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு போனேன். அதே அறை, அதே ஹெர் சௌக். அவர் கோப்பைத் திறக்கவில்லை.

"உங்கள் கணவர் அக்காவைப் பார்த்தாரா?" என்று கேட்டார்.

கைத்தொலைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினேன். விமான நிலையத்தில் மருமகன் எடுத்தது. இவருடைய முகம் தெரியாது. அக்காவின் தோளில் புதைந்திருந்தது. பின்பக்க வழுக்கையும் அதன்மேல் அக்காவின் கையும்தான் தெரிந்தன. "இது உங்கள் கணவரா?" என்றார் ஹெர் சௌக். "அந்த வழுக்கை அவருடையதுதான்" என்று சொல்ல வந்தவள் பாதியில் அழுதுவிட்டேன். பாடமாக்கிய சட்டமெல்லாம் மூக்கால் வடிந்தது. ஹெர் சௌக் தன் காற்சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்து அயர்ன் பண்ணிய ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினார். வேறு கேள்வி கேட்கவில்லை. கண்ணாடிக்காரி எதையோ எழுதி முத்திரை குத்தினாள். எனக்கும் கிடைத்துவிட்டது என்று அவள் சிரிப்பிலேயே விளங்கியது.

பஸ் தரிப்பில் வந்து நின்று பைக்குள் கையை விட்டபோதுதான் பார்த்தேன். குடியுரிமைக் குழுத் தலைவரின் கைக்குட்டை உள்ளே இருந்தது. மூலையில் அவருடைய முதலெழுத்து வேறு நூலால் தைத்திருந்தது. உடனே ரொறன்ரோவுக்கு அழைத்தேன். அங்கே காலைச் சாப்பாட்டு நேரம்.

"இஞ்சாருங்கோ, சௌக்கின்ரை லேஞ்சி என்ரை பைக்குள்ளை வந்திட்டுது. இப்ப என்னப்பா செய்யிறது?"

இவர் அங்கே வீடு அதிரக் கூப்பிட்டார்.

"அக்கா! கோசலா கிராமசபையிலை களவெடுத்துப்போட்டாள்!"

அக்கா முதலில் சிரித்தா. பிறகு இவர் சிரித்தார். அவவின் குரலை இத்தனை வருடமாகத் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன், இவருடைய குரலை வீட்டில் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே அறையிலிருந்து சிரிப்பதை அன்றுதான் கேட்டேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை, அடுத்த பஸ் வரும்வரை காதில் போனை வைத்துக்கொண்டு நின்றேன்.